பழனியாண்டி பாதியில் விட்ட அடி

தனலெட்சுமியின் கழுத்துக்குள் தப்பு மேளச் சத்தம் கேட்கிறது என்று போன வாரம் சொன்னபோது சிரித்தவர்கள் இருப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், கோபமில்லை. அவள் மகள் சுபாஜினியும் முதலில் சிரித்தவள்தான். தொலைக்காட்சி பார்க்கிற சாக்கில் அம்மாவின் தோளில் காதை வைத்துச் சாய்ந்தவள், துள்ளி எழுந்து, "அம்மா, ஒங்க கழுத்துக்குள்ள யாரோ தப்படிக்கிறாங்க" என்றாள். அதற்கப்புறம் அந்த ஒற்றையறைக் காம்பராவில் யாரும் சிரிக்கவில்லை.

காதுக்குக் கீழே இடது பக்கத்தில் ஒரு கட்டி. அது பல வருஷத்துக் கதை. நமுனுகுல மலையடியில், கல்லூற்றுத் தோட்டத்து மேல் டிவிசனில், கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக் கொழுந்தெடுக்கிற பொம்பளைகளுக்குக் கழுத்தில் ஏதாவது ஒன்று இருக்கத்தான் செய்யும். "கூடை இழுத்த கட்டு" என்று தேங்காயெண்ணெய் போட்டு நீவிவிட்டு மலைக்குப் போய்விடுவார்கள். வலிக்காத கட்டியை யார் மதிப்பார்கள்? தனலெட்சுமியும் மதிக்கவில்லை. சத்தம் வந்த பிறகுதான் பயம் வந்தது.

படுத்தால் கேட்கும். மலையேறினால் வேகமாகக் கேட்கும். கோபம் வந்தால் காதே அதிரும். தோட்டத்து டிஸ்பென்சரியில் எழுதிக் கொடுத்து, பதுளைப் பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. டொக்டர் முடிவு சொல்லும் நாள் இன்று.

அவளுடைய அண்ணன் சிவஞானம் முனியாண்டி கோயிலில் நாள் குறித்திருந்ததும் இன்றைக்குத்தான். அலகு குத்தி அந்தக் கட்டியை இறக்க வேண்டும் என்பது அவர் முடிவு.

மலையைப் பனிமூட்டம் மூடியிருந்தது. பக்கத்து லயத்தின் வீட்டு வரிசைகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. தனலெட்சுமி ஆஸ்பத்திரிக்கு நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, அந்த வெள்ளைக்குள்ளிருந்து அண்ணனின் குரல் மட்டும் முதலில் வந்தது.

"எங்க கெளம்பிட்ட தனம்?"

"பதுளைக்குண்ணே. ஸ்கேன் முடிவு சொல்றாங்களாம்."

"இன்னைக்கு என்னா நாளுன்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்ணே. பின்னேரத்துக்குள்ள வந்துருவேன்."

சிவஞானம் வாசலில் நின்றார். மேல் டிவிசனுக்குக் கங்காணி; கோயிலுக்குத் தலைவர். கழுத்தைச் சுற்றிப் பச்சை மப்ளர். இந்தக் குளிரில் மப்ளர் இல்லாத ஆம்பளை யார் இருக்கிறார்கள்? அவருக்குப் பின்னால் அவர் மகன் தினேஸ் நின்றான். கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலை; விசேஷத்துக்கென்று நேற்றுத்தான் வந்திருந்தான். காதில் வழக்கம்போல இயர்போன் வயர். சாப்பிடும்போதும் பாட்டு, தூங்கும்போதும் பாட்டு. அதற்காக அப்பாவிடம் அவன் வாங்காத திட்டு இல்லை.

"அத்த, தப்ப நான்தான் காய வச்சு அடிக்கணுமாம். வைக்கோல் இருக்கா?" என்றான் தினேஸ்.

"காம்பராவுக்குப் பின்னால கெடக்கு பாரு. மொதல்ல அந்த வயரக் கழட்டுடா, ஒரு நாளைக்காவது."

அவன் சிரித்துக்கொண்டே பின்பக்கம் போனான். கழற்றவில்லை.

தினேஸ் ஏன் அடிக்க வேண்டும் என்று புதிதாகப் படிக்கிறவர்கள் கேட்கலாம். தனலெட்சுமியின் அப்பா பழனியாண்டிதான் இந்தத் தோட்டத்துக்குப் பெரட்டுத் தப்படித்தவர். காலையில் ஆட்களைக் கூப்பிட இப்போது சங்கு ஊதுகிறார்கள். அப்போது அவர் தப்புத்தான். மன்மதனை எரிக்கிற காமன் கூத்து வந்தாலும் அவர்தான். காமனை எரித்து முடிக்கிறவரை தப்பு நிற்கக் கூடாது என்பது மேல் டிவிசனில் எழுதாத சட்டம். கை மாறலாம், அடி நிற்கக் கூடாது. ஒரு வருஷம் காமன் எரிவதற்கு முன்னால் பழனியாண்டி தப்போடு சேர்ந்து களத்தில் சாய்ந்தார். பேச்சுப் போனது, அப்புறம் உயிரும் போனது. அடி பாதியில் நின்றது. அதற்குப் பிறகு மேல் டிவிசனில் காமன் கம்பம் ஊன்றவே இல்லை.

அவர் கழுத்திலும் ஒரு கட்டி இருந்தது. "நா அடிக்காதப்பவும் எனக்குக் கேக்குதுடா" என்று சாவதற்கு முன்னால் சொல்லிக்கொண்டே இருந்தார். இதெல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. நின்ற அடி சும்மா இருக்காது, முடிக்க ஓர் ஆளைத் தேடும் என்று பெருசுகள் பேசுவதும் தெரிந்த கதைதான். தாத்தா விட்ட இடத்திலிருந்து பேரன் அடித்து முடிக்க வேண்டும். அந்த நேரத்தில் கட்டியில் அலகு குத்தி அடியை வெளியே விட வேண்டும். பூசாரி வீரமலையும் சிவஞானமும் பேசி வைத்தது இது.

"நானும் வாறேன்" என்றார் சிவஞானம் திடீரென்று. "ஒன்னைய கையோட கூட்டியாறது என் பொறுப்பு."

உள்ளேயிருந்து சுபாஜினி வந்தாள். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை அவளுக்கு. பேச்சில் கொஞ்சம் கண்டிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும்.

"வாங்க மாமா. டொக்டர் சொல்றத நீங்களும் கேட்டா நல்லதுதான்."

பஸ்ஸில் தனலெட்சுமி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வளைவுக்கு வளைவு மூட்டம் கலைந்து, பசறை தாண்டியதும் வெயில் வந்தது. எல்லோரும் ஸ்வெட்டரைக் கழற்றினார்கள். சிவஞானம் மப்ளரைக் கழற்றவில்லை. நெற்றியிலிருந்து வேர்வை வழிந்தது. அதைத் துடைக்க மட்டும் கை போனது.

"அண்ணே, அவியலையா ஒனக்கு?"

"ஒரு மாதிரி ஜொரம்" என்று சொல்லிவிட்டு அவர் வெளியே பார்த்தார்.

டொக்டர் லக்ஷிகா யாழ்ப்பாணத்துப் பிள்ளை. பதுளைக்கு மாற்றலாகி வந்து ரொம்ப நாள் ஆகவில்லை. சின்ன உருவம். ஆனால் பேசினால் அறை கேட்கும்.

"வாங்கோ அம்மா, இருங்கோ. பயப்பிடாதேங்கோ, நான் எல்லாம் விளக்கமாச் சொல்லுறன்."

கம்ப்யூட்டர் திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு கழுத்து தெரிந்தது. தன் கழுத்துத்தான் அது என்று தனலெட்சுமிக்கு நம்ப முடியவில்லை. நடுவில் வெள்ளையாக ஒரு உருண்டை பளிச்சென்று இருந்தது.

"கழுத்தில பெரிய ரத்தக்குழாய் ஒண்டு ரெண்டாப் பிரியுது. அந்தக் கவட்டுக்குள்ளை அரிசி அளவில ஒரு சின்னச் சதை எல்லாருக்கும் இருக்கு. ரத்தத்தில பிராணவாயு குறைஞ்சால் மூளைக்கு அறிவிக்கிறதுதான் அதின்ரை வேலை. உங்களுக்கு அது வளர்ந்து கட்டியாப் போச்சு. காதுக்குக் கீழை எலும்புக்குள்ளை இன்னுமொண்டு இருக்கு, அது சின்னன். அதாலதான் உங்களுக்குச் சத்தம் கேக்குது."

"கான்சரா மிஸ்?" என்றாள் சுபாஜினி.

"அனேகமா இல்லை. சரியான அரிதான கட்டி இது. நானே இஞ்ச வந்து முதல்தரம் பாக்கிறன். ஆனா அது முழுக்க ரத்தம், தங்கச்சி. சதையெண்டு பேர்தான். உள்ளுக்குள்ளை ரத்தம் பாயிற பாய்ச்சல்தான் அந்தச் சத்தம்."

டொக்டர் ஸ்டெதஸ்கோப்பை எடுத்து, தனலெட்சுமியின் காதிலேயே மாட்டினாள். முதலில் வலது கழுத்தில் வைத்தாள். எங்கோ தூரத்தில் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி லேசான ஒலி. பிறகு இடது கழுத்தில் வைத்தாள்.

அம்மாடி! தனலெட்சுமி நாற்காலியோடு பின்னால் போய்விட்டாள். உஷ்... உஷ்... என்று வெள்ளம் பாறையில் மோதுகிற இரைச்சல், ஒவ்வொரு மோதலுக்கும் நடுவில் ஓர் அடி. இத்தனை நாளும் கேட்டது இதன் கால்வாசிகூட இல்லை. தனக்குள் இப்படி ஒன்று ராப்பகலாக ஓடிக்கொண்டிருக்கிறதா! குழாயைக் கழற்றி மகளிடம் நீட்டினாள்.

சுபாஜினி கேட்டாள். அழுதாள். சிவஞானம் கை நீட்டினார், டொக்டர் கொடுத்தாள்.

அவர் நெடுநேரம் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய வலது கை விரல்கள் தொடையில் மெதுவாகத் தட்டத் தொடங்கின.

"இது காமன் அடி" என்றார் முணுமுணுப்பாக.

டொக்டருக்கு அது விளங்கவில்லை. ஸ்டெதஸ்கோப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டு நேராகச் சொன்னாள்: "அம்மா, ஒண்டை நல்லா ஞாபகம் வச்சிருங்கோ. நாங்கள் இதுக்குள்ளை ஊசி கூடக் குத்திப் பாக்கேல்லை. ஏனெண்டால் குத்தினால் ரத்தம் நிக்காது. ஆராவது வெட்டுறன், சூடு போடுறன், நீவி விடுறன் எண்டு வந்தால் கிட்டவும் விடாதேங்கோ. விளங்குதோ?"

"அப்ப எப்பிடி எடுக்கிறது?"

"கொழும்புக்கு எழுதித் தாறன். முதல்ல தொடையால மெல்லிய குழாய் ஒண்டை விட்டு, கட்டிக்கு ரத்தம் போற வழியளை அடைப்பினம். பிறகுதான் வெட்டி எடுக்கிறது. பக்கத்தில நரம்பு போறதால குரல் மாறலாம், விழுங்கக் கொஞ்ச நாள் கஷ்டம் இருக்கலாம். காதுக்குக் கீழை இருக்கிற சின்னனை இப்ப தொடாமல் பாத்துக்கொண்டிருக்கலாம். வெட்டுறதுக்கு முன்னம் ஒரு நாள் மூத்திரத்தைச் சேர்த்துத் தரவேணும். இந்தக் கட்டி சிலருக்குப் பிரஷரைத் தூக்கிற சுரப்பு சுரக்கும், அதைப் பாக்கோணும்."

குரல் மாறலாம் என்றதும் தனலெட்சுமி தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"ரெண்டு இடத்தில இருக்கிறதால கேக்கிறன். குடும்பத்தில வேறை ஆருக்கும் இப்பிடி இருந்ததோ?"

"எங்க அப்பாவுக்கு" என்றாள் தனலெட்சுமி. "இதே எடத்துல. அவருக்கும் கேட்டுச்சு மிஸ். தப்படிச்சிக்கிட்டு இருக்கையில விழுந்து செத்துப் போனாரு."

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "அப்ப அப்பாட்டையிருந்துதான் உங்களுக்கு வந்திருக்கு. இது தகப்பன் வழியால பிள்ளையளுக்கு இறங்கிற நோய். தாய் வழியால போனால் அனேகமா வெளியில காட்டாது. அதால மகளை நினைச்சுக் கனக்க யோசிக்க வேண்டாம்." பார்வை சிவஞானத்திடம் போனது. "ஐயா, நீங்கள் சொந்த அண்ணன்தானே? உங்கடை கழுத்தை ஒருக்காப் பாக்கோணும். மப்ளரை எடுங்கோ."

"எனக்கு ஒண்ணுமில்லங்க."

"சும்மா ஒருக்கா..."

"அதான் ஒண்ணுமில்லன்னு சொல்றேன்ல" என்று எழுந்துவிட்டார். கதவு அவருக்குப் பின்னால் ஆடியது.

வராந்தாவில் அவர் முகம் வெளிறிக் கிடந்தது. ஆனால் கண்ணில் ஒரு பளபளப்பு.

"கேட்டியா தனம்? படிச்ச புள்ள, அதுவே சொல்லிருச்சு. அப்பாகிட்டயிருந்து வந்ததுன்னு சொல்லிருச்சு. நான் இத்தன நாளா வேற என்னாத்த சொல்றேன்?"

"மாமா, அவங்க சொன்னது வேற!" சுபாஜினி கத்தாத குறை. "குத்துனா ரத்தம் நிக்காதுன்னும் சொன்னாங்க. அது காதுல விழலையா?"

"முனியாண்டி கோயில்ல அலகு குத்தி இதுவரைக்கும் ஒரு சொட்டு ரத்தம் பாத்திருக்கியா நீ?"

  தனலெட்சுமி குமரியாக இருந்தபோது தேருக்கு அவள் நாக்கில் அலகு குத்தியிருக்கிறார்கள். ரத்தம் வரவில்லை. வலிகூடத் தெரியவில்லை. நாக்கை நீட்டிக்கொண்டு கோயில் வரை நடந்தது இப்போதும் நினைவிருக்கிறது. அது பொய்யில்லையே! டொக்டர் சொன்னதும் பொய்யில்லை. இரண்டு உண்மைக்கும் நடுவில் அவள் தலை கிறுகிறுத்தது.

திரும்பும் வழியில் பசறையில் பஸ் நின்றபோது சுபாஜினி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். சிவஞானம் தண்ணீர்ப் போத்தல் வாங்க இறங்கியிருந்தார்.

"அம்மா, இங்கயே எறங்கிருவோம். சித்தி வீட்டுல இருந்துட்டு அப்பாவுக்குப் போன் போடுவோம். அப்பா வரட்டும்."

தனலெட்சுமியின் புருஷன் கொழும்பில் ஒரு கடைக்குக் காவல். பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான் வருவான்.

"ஊரே கோயில்ல காத்துக்கிட்டு இருக்கும்டி. அண்ணே மூஞ்சிய எப்பிடிப் பாக்குறது? அலகும் குத்திக்குவோம், கொழும்புக்கும் போவோம். ரெண்டையும் பாத்துருவோம்."

"ரெண்டையும் பாக்க நீங்க உயிரோட இருக்கணுமேம்மா!"

"வாய மூடு, கண்டதையும் பேசாத" என்றாள் தனலெட்சுமி. ஆனால் காதுக்குள் அடி வேகமெடுத்தது.

தோட்டத்துச் சந்தியில் இறங்கி த்ரீவீலில் ஏறியபோது மூட்டம் மறுபடி இறங்கியிருந்தது. பின்னேரமா, விடிகாலையா என்று சொல்ல முடியாத வெளிச்சம். தேயிலைச் செடிகளெல்லாம் பாதிப் பாதியாகத் தெரிந்தன. சத்தம் முதலில் யாருக்குக் கேட்டது என்று தெரியவில்லை. த்ரீவீல்காரன் வேகத்தைக் குறைத்து, "ஆரம்பிச்சிட்டாங்க போல" என்றான்.

டும். டும் டும். டும்.

தனலெட்சுமி இடது காதைப் பொத்தினாள். கேட்டது. காதை விட்டாள். அப்போதும் கேட்டது. வெளியில் அடிக்கிற தப்பும் உள்ளே அடிக்கிற தப்பும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, ஒரே அடியாகிவிட்டன. எது தினேஸுடையது, எது தன்னுடையது என்று அவளால் பிரிக்க முடியவில்லை.  செத்த அப்பா மூட்டத்துக்குள் எங்கேயோ நின்று அடிக்கிற மாதிரியே இருந்தது.

கோயில் வாசலில் பாதி டிவிசன் நின்றது.  தினேஸ் களத்தின் நடுவில் தப்போடு நின்றான். சடங்குக்காக இன்றைக்கு வயரைக் கழற்றிவிட்டிருந்தான். நெற்றியில் பட்டை திருநீறு, கண் எங்கோ வெறித்திருந்தது. அவள் வந்ததைக்கூட அவன் பார்க்கவில்லை.

"உக்காருங்க" என்றார் பூசாரி வீரமலை.

"யாரும் தொடக் கூடாது! டொக்டர் சொல்லிருக்காங்க, குத்துனா செத்துருவாங்க!" சுபாஜினி அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

பெண்கள் அவளை அணைத்துப் பிடித்து ஓரமாக இழுத்தார்கள். "பயப்படாத புள்ள, சாமி காரியம்" என்று சொல்லிக்கொண்டே இழுத்தார்கள். அன்பாகத்தான் பிடித்தார்கள். அவளால் அசைய முடியவில்லை. ஒரு கையை மட்டும் உருவிப் போனை எடுத்தாள். இந்தப் பள்ளத்தில் சிக்னல் எங்கே இருக்கிறது?

அலகு குத்தும்போது சொந்தக்காரர் ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சிவஞானம் அவளுக்குப் பின்னால் முழந்தாளிட்டார். இடது கழுத்து மேலே தெரிகிற மாதிரி அவள் தலையை வலது பக்கமாகச் சாய்த்து, தன் தோளோடு அணைத்துக்கொண்டார். சின்ன வயசில் காய்ச்சல் வந்தால் அண்ணன் இப்படித்தான் பிடித்துக்கொள்வார். மப்ளரில் கற்பூர வாசம் அடித்தது.

"ஒண்ணும் ஆகாது தனம். அப்பா போயிருவாரு. அதோட முடிஞ்சிரும்."

பூசாரியின் விரல் கட்டியில் மஞ்சளைத் தடவியது. தடவிய விரல் சட்டென்று நின்றது. அது துடிப்பதை இன்றுதான் அவர் தொட்டுப் பார்க்கிறார். அவருடைய மற்றொரு கையில் எலுமிச்சம்பழம் குத்திய அலகு. அதன் நுனி மூட்டத்தில் நனைந்து மினுங்கியது.

"அடி, அடி, விடாத!" என்று யாரோ தினேஸைப் பார்த்துச் சொன்னார்கள்.

அப்போதுதான் தனலெட்சுமிக்கு இன்னொன்று கேட்டது.

இடது காதில் அவளுடைய அடி. அது அவளுக்குப் பழக்கம். வெளியே தினேஸின் அடி. ஆனால் வலது காதில், எந்தக் கோளாறும் இல்லாத காதில், மப்ளரோடு அழுந்திக் கிடந்த காதில், மூன்றாவதாக ஒன்று. உஷ்... உஷ்... என்று வெள்ளம் பாறையில் மோதுகிற இரைச்சல். காலையில் டொக்டரின் குழாய்க்குள் கேட்ட அதே இரைச்சல். அது அவள் அடியோடு சேரவில்லை. தினேஸின் அடியோடும் சேரவில்லை. தன் பாட்டுக்கு, வேறொரு வேகத்தில் ஓடியது.

அவள் காதை இன்னும் அழுத்தினாள். மப்ளருக்கு உள்ளே, கெட்டியாக, உருண்டையாக ஒன்று காதில் இடித்தது.

அலகின் குளிர்ந்த நுனி கழுத்தில் பட்டது.

"நிறுத்துங்க!"

தனலெட்சுமி கத்திய கத்தலில் பூசாரி பின்னால் சாய்ந்தார். அவள் திரும்பி, அண்ணனின் மப்ளரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். அவர் தடுக்கப் பார்த்தார், பிடி நழுவியது. பச்சை மப்ளர் அவிழ்ந்து களத்தில் விழுந்தது.

தாடைக்குக் கீழே ஒரு கட்டி, அவளுக்கு இருந்ததைவிடப் பெரியது. தோலுக்கு அடியில் அது துடிப்பது முன்வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரிந்தது.

முன்னால் நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள்.

"அண்ணே, ஒனக்கும் கேக்குதா?"

சிவஞானம் தலையைக் குனிந்தார்.

"எப்பருந்து?"

"ஒனக்கு முன்னாலருந்தே."

தனலெட்சுமிக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. பூசாரியின் கையிலிருந்த அலகைக் காட்டினாள். "அப்ப மொதல்ல ஒனக்குக் குத்தச் சொல்லு. நீதானே மூத்தவன். அப்பா ஒங்கிட்டத்தானே மொதல்ல வந்தாரு. சொல்லுண்ணே, குத்தச் சொல்லு!"

சிவஞானம் அந்த அலகைப் பார்த்தார். தோட்டமே பயப்படுகிற கங்காணி, இரண்டு கையாலும் தன் கழுத்தைப் பொத்திக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி பின்னால் நகர்ந்தார்.

"பயமா இருக்கு தனம்" என்றார். "ஒனக்கு நல்லபடியா எறங்கிட்டா, அப்பொறம் எனக்கும் குத்திக்கலாம்னு நெனச்சேன்."

சொன்னது அவருக்கே உறைத்தது. வாய் கோணிக்கொண்டு அழுகை வந்தது. கூடப் பிறந்தவளின் கழுத்தை முதலில் நீட்டப் பார்த்தவர் அவர். தனலெட்சுமிக்கு அவரை அடிக்க வேண்டும்போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. கீழே கிடந்த மப்ளரை எடுத்து உதறி, அவர் கையில் வைத்தாள்.

"எந்திரிண்ணே. நாளைக்கு ரெண்டு பேரும் பதுளைக்குப் போவோம். அந்தப் புள்ள பாக்கட்டும்."

பெண்களின் பிடியிலிருந்து விடுபட்டு சுபாஜினி ஓடிவந்தாள். அம்மாவின் கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மஞ்சள் மட்டும்தான் விரலில் ஒட்டியது. ரத்தம் இல்லை.

அந்த நேரத்தில்தான் கூட்டத்தில் யாரோ ஒரு பெண் மெல்லச் சொன்னாள். "அய்யய்யோ, தப்பு நின்னு போச்சே."

எல்லோரும் திரும்பினார்கள். ஆமாம், நின்றுவிட்டது. எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை. பழனியாண்டி விட்ட அதே களத்தில், முடியாமல், மறுபடி பாதியில். தினேஸ் குச்சிகளைக் கீழே போட்டுவிட்டு, அப்பாவின் கழுத்தைப் பார்த்தபடி நின்றான். தப்பு அவன் தோளில் அசையாமல் தொங்கியது.

அவன் தலையைக் கொஞ்சம் சாய்த்தான், தூரத்தில் யாரோ கூப்பிடுவதைக் கேட்கிற மாதிரி. சட்டைப் பையிலிருந்த வயரைக் கை தேடியது. பாதியில் நின்றது. முகத்தில் ரத்தமே இல்லை.

"அத்த" என்றான். "நாந்தான் நிப்பாட்டிட்டேனே. இன்னும் யாரு அடிக்கிறது?"